‘முன்னாடி வெவசாயம்’ என்று சொன்ன நைனாவுக்கு

ஆசை நைனாவுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். ஆசை இருப்பதால்தான் இத்தனை வருஷமாகக் கோபம் தீராமல் இருக்கிறது. வேண்டாதவர்கள் மேல் யாராவது இவ்வளவு காலம் கோபத்தைக் காப்பாற்றி வைப்பார்களா?

முதலில் சேதி. நான் பிசியோதெரபி படிப்பை முடித்துவிட்டேன். இப்போது இண்டர்ன்ஷிப். ஓர் ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு பிரிவாக வேலை பழக வேண்டும். எலும்புப் பிரிவு முடிந்தது, பக்கவாதப் பிரிவு முடிந்தது. இந்த மாதம் நெஞ்சு வார்டில் போட்டிருக்கிறார்கள். நம் பெங்களூர் ஒக்கலிபுரம் வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “ஊர்ல இருக்கிற வார்டெல்லாம் வுட்டுட்டு அங்கயா போட்டாங்க?” என்றாள். 

இண்டர்ன் என்றால் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதே. வெள்ளைக் கோட்டு போட்ட எடுபிடி, அவ்வளவுதான். சக்கர நாற்காலி தள்ள நான், எக்ஸ்ரே வாங்கிவர நான், மேடத்துக்குக் காபி சொல்லப் போக நான். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது மூன்றாவது வரிசையில் வாயைப் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கேள்வி கேட்டால் மட்டும் பதில். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். எப்படிப் பூட்டி வைத்திருப்பேன் என்று நினைக்கிறாய்?

உண்மையான வேலையும் இருக்கிறது. சளி கட்டிக்கொண்டு மூச்சு விட முடியாதவர்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து, முதுகில் தட்ட வேண்டும். தட்டத் தட்டச் சளி இளகும். கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் கை சரியாகக் குவியாவிட்டால் நோயாளிக்கு அடி விழுவதுபோல வலிக்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை யார் யாரோ பெற்ற தகப்பன்களின் முதுகை நான் தட்டுகிறேன். உன் முதுகை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. நீதான் கிட்ட விடவில்லையே.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

கோலார் தங்கவயலில் மைன்ஸ் மூடினபோது நான் பிறக்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். நீயும் உன் செட்டு ஆட்களும் விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலை தேடி வந்தீர்கள். செக்யூரிட்டி கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர், “மைன்ஸ் ஆளா? வேணாம்பா, வந்ததும் யூனியன் கட்டுவீங்க” என்று முன்னால் நின்றவரைத் திருப்பி அனுப்பினானாம். பின்னால் நின்றவர் உஷாராகி, “முன்னாடி வெவசாயம் சார்” என்றாராம். அவருக்கு வேலை கிடைத்தது. அடுத்த நாளிலிருந்து அந்த ரயில் பெட்டி முழுக்க விவசாயிகள்! நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. லைன் வீட்டு வாசலில் நீ வைத்த ஒரே ஒரு மிளகாய்ச் செடியும் பட்டுப்போனது என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

வயிற்றுக்காகச் சொன்ன பொய்யை நான் குற்றம் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னதை டாக்டரிடம் ஏன் சொன்னாய்?

நான் ஒன்பதாவது படிக்கும்போது. நீ இருமி இருமி இளைத்துப்போய், அம்மாவும் நானும் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர், “ஏன் கெலசா?” என்று கன்னடத்தில் கேட்டார், என்ன வேலை என்று. செக்யூரிட்டி என்றாய். அதற்கு முன்னால் என்று கேட்டார். விவசாயம் என்றாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நான் நடுவில் புகுந்து, “இல்ல டாக்டர், நைனா மைன்ஸ்ல இருந்தாரு, அண்டர்கிரவுண்டு” என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? மறந்திருந்தால் நான் சொல்கிறேன்.

“அவ தாத்தா மைன்ஸ்ல இருந்தாரு சார். சின்னப் பொண்ணு, ஒளறுது.”

டாக்டர் சிரித்துவிட்டு எழுதினார். சளியைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். விவசாயிக்கு நெஞ்சில் புள்ளி இருந்தால் அது டிபியாகத்தானே இருக்க வேண்டும்? மாத்திரை கொடுத்தார்கள். முடிந்ததும் மறுபடி கொடுத்தார்கள். உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். நான் உள்ளே வந்தால், “கிட்ட வராத, ஒட்டிக்கும்” என்று கையை ஆட்டி விரட்டுவாய். பத்தாவது மார்க்கை வாசற்படியில் நின்றுதான் உனக்குச் சொன்னேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாய். அந்த வருஷமே போய்விட்டாய்.

மூன்றாம் வருஷப் படிப்பில் கல் தூசு படிந்த நுரையீரலைப் பற்றிப் பாடம் வந்தது. பாறையைக் குடைகிறவர்களுக்கு வருவது. வேலையை விட்ட பிறகும் உள்ளே வளர்ந்துகொண்டே போவது. பெட்டியிலிருந்த உன் எக்ஸ்ரேயையும் சளி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாடம் நடத்தியவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததும், “கல்லு வேலையா, மைன்ஸா?” என்று கேட்டார். டிபி இல்லையா என்றேன். “சளியில கிருமியே இல்லையே. இது தூசும்மா, யாருக்கும் ஒட்டாது” என்றார். கல்லூரிக் கழிப்பறையில் போய் நின்றுகொண்டு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய் வெளியே ஓடினாள்.

சரி, இப்போது வார்டுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அங்கே நடந்ததைச் சொல்லத்தான்.

முனிரத்தினம் அங்கிள் என்று ஒருவர் சேர்ந்திருந்தார். அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். ரவுண்ட்ஸில் டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்டபோது, “செக்யூரிட்டி சார். முஞ்சே வ்யவசாயா” என்று கன்னடத்தில் சொன்னார். முன்னாடி விவசாயம். நீ சொன்ன அதே பதில். இருந்தாலும் உலகத்தில் உண்மையான விவசாயிகளும் இருப்பார்கள் அல்லவா? பொறுத்துக்கொண்டேன். மத்தியானம் அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக நாற்காலியில் உட்காரவைத்து லிப்டுக்காக நின்றோம். அவர் மனைவி சரோஜா ஆன்ட்டியிடம் திரும்பி, “கேஜ் வந்துச்சா பாரு” என்றார்.

லிப்டைக் கேஜ் என்று சொல்கிறவர்கள் யார் நைனா? அந்தக் கூண்டில் ஏறிப் பூமிக்குள்ளே இறங்கினவர்கள்தானே. எந்த வயலுக்குக் கூண்டில் இறங்குவார்கள்?

“எந்த ஷாப்ட் அங்கிள்?” என்று அவர் இறங்கின சுரங்கக் குழியைக் கேட்டேன். அவர் முகம் இறுகிப்போனது. “இன்னா ஷாப்ட்டு? நமக்கு அதெல்லாம் தெரியாது பாப்பா” என்றார். ஆன்ட்டி தரையைப் பார்த்தாள். அன்று டாக்டர் முன்னால் நம் அம்மா பார்த்த அதே பார்வை.

அவருக்கும் டிபி என்றுதான் இரண்டாவது முறையாக மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சளிச் சோதனையில் ஒருமுறையும் கிருமி இல்லை. இதில் இன்னொரு கொடுமை. அவர்களுடைய மகள் கீதா பெங்களூர் தொம்மலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், தலைப்பிரசவம். தங்கவயலில் இருக்கிற தாய்வீட்டுக்குத்தான் போக வேண்டும். மாமியார் வீட்டில், “டிபி இருக்கிற வீட்டுக்கு எப்படி அனுப்பறது?” என்று கேட்டுவிட்டார்கள். கேட்டதில் தப்பும் இல்லை. வளைகாப்புக்குக்கூட அங்கிளை வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். கீதா தகப்பனைப் பார்க்க வருவாள். மாஸ்க் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வார்டு கதவோடு நின்றுவிடுவாள். அங்கிள் கட்டிலில் இருந்தபடியே, “போ, போ, வூட்டுக்குப் போ” என்று கையை ஆட்டுவார்.

அந்தக் கை ஆட்டலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அந்த வார இறுதியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் இந்த மனிதன் வாயிலிருந்து மைன்ஸ் என்ற ஒரு சொல்லை வரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு மகள் வாசற்படியில் நிற்பாள்.

மறுநாள் ரவுண்ட்ஸில் மூன்றாவது வரிசையிலிருந்து வாயைத் திறந்தேன். “சார், இவர் மைன்ஸ்ல வேலை செஞ்சவர். தூசு நுரையீரலா இருக்கலாம்.” எல்லாத் தலைகளும் திரும்பின. பெரிய டாக்டர் கோபப்படவில்லை. அங்கிளிடமே, “ஹௌதா?” என்று கேட்டார். உண்மையா என்று.

அங்கிள் என்னைப் பார்க்காமலே சொன்னார். “எங்க அப்பா இருந்தாரு சார். நான் இல்ல. இந்தப் பாப்பா சும்மா ஒளறுது.”

கேட்டாயா? அச்சு அசல் உன் வசனம். ரயிலில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து மனப்பாடம் செய்தீர்களா? சின்ன வயதில் ஒருத்தன் என்னை உளறல்காரி ஆக்கினான், படித்துக் கோட்டு போட்ட பிறகு இன்னொருத்தன் ஆக்குகிறான். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லாவிட்டால் ஏதாவது தூக்கி எறிந்திருப்பேன்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் எங்களுக்கு மேலே இருக்கிற ஷில்பா மேடம் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். “நின்ன யாரு கேளிதரு? உன்னை யாரு கேட்டா? பேஷண்டே இல்லைங்கிறாரு, நீ என்ன டிடெக்டிவா? நாளையிலேருந்து ரவுண்ட்ஸ்ல நிக்காதே. இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்தப் போஸ்டிங்கைத் திரும்பப் பண்ணணும்.” சரி மேடம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி.

அன்று மத்தியானம் அவருக்கே முதுகு தட்டுகிற முறை. போனேன். இனிக்க இனிக்கப் பேசினேன் என்று நினைக்காதே. உன் மகள் நான்.

“எந்த ஊர்ல அங்கிள் வெவசாயம்?”

“அங்கதான்... பங்காரப்பேட்டை பக்கம்.”

“என்ன பயிர்?”

“ராகி.”

“ராகி எந்த மாசம் வெதைப்பீங்க?”

இருமினார். தட்டிக்கொண்டே கேட்டேன். “நாத்து விட்டு நடுவீங்களா, அப்படியே தூவுவீங்களா? களை எத்தனை தடவை எடுப்பீங்க? அறுப்பு எப்போ?” எனக்கும் தெரியாது நைனா, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

“இன்னாத்துக்குப் பாப்பா உசுர வாங்கற?” என்று சீறினார். “சீட்டுல மைன்ஸுனு எழுதுவாங்க. லீவு கேக்க அந்தச் சீட்டைத்தான் கம்பெனில காட்டணும். நெஞ்சுல மண்ணு கீற ஆளை எவன் வேலைக்கு வெச்சுக்குவான்? டிபின்னா சரியாப் போயிடும்னு வுடுவான்.”

அப்போதுதான் எனக்கு உன் காரணமும் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. “டிபின்னா வேலை போவாது, ஆனா பொண்ணு கிட்ட வர மாட்டா. உங்களுக்கு இருக்கிறது மைன்ஸ் தூசா இருந்தா அது யாருக்கும் ஒட்டாது. வயித்துப்புள்ளைக்காரிக்கும் ஒட்டாது. நீங்க சொல்ற பொய்தான் அவளைக் கதவுகிட்ட நிறுத்தி வெச்சிருக்குது” என்று கத்திவிட்டேன். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். சரோஜா ஆன்ட்டி பிளாஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “ஒட்டாதா?” என்று மெதுவாகக் கேட்டாள். “தூசுதான்னு டாக்டர் பார்த்துச் சொல்லணும் ஆன்ட்டி. அதுக்கு இவரு நெஜத்தைச் சொல்லணும்” என்றேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ் நேரத்தில் எனக்கு வார்டுக்குள் இடமில்லை. காலி நாற்காலியோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். டாக்டர்கள் அங்கிள் கட்டிலைத் தாண்டப்போனார்கள். ஆன்ட்டி எழுந்து வழியை மறித்தாள்.

“சார், இவரு பொய் சொல்றாரு. மைன்ஸ்லதான் இருந்தாரு. மூடற வரைக்கும் அண்டர்கிரவுண்டு. இவருக்குப் பயிர் எது களை எதுன்னு தெரியாது சார். வூட்டுல கீரை வாங்கியாரச் சொன்னா வேற எதையாவது வாங்கியாருவாரு.”

“வாய மூடு சரோ” என்றார் அங்கிள்.

“இத்தினி வருசம் மூடினது போதும். எம் பொண்ணு பெத்துக்க எங்க போவா? நீ வேணா வேலைய வெச்சுக்கினு இரு, எனக்கு எம் பொண்ணு வூட்டுக்கு வரணும்.”

வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன், நைனா. ஒன்று கேட்கட்டுமா? அன்று அம்மா இப்படி எழுந்து நின்றிருந்தால், அவளையும் உளறுகிறாள் என்று சொல்லியிருப்பாயா?

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷம் கீழே, பாறை குடைகிற மெஷினா, முகத்துக்குத் துணியாவது கட்டினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கிள் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள், சளியை மறுபடி சோதித்தார்கள். டிபி இல்லை என்று முடிவானது. தூசுதான். மாத்திரையை நிறுத்தினார்கள். ஷில்பா மேடம் என்னைத் தாண்டிப் போகும்போது, “நாளைக்கு ரவுண்ட்ஸுக்கு வா” என்றார். அவ்வளவுதான். பாராட்டெல்லாம் கிடையாது. நானும் நன்றி சொல்லவில்லை.

அங்கிள் என்னை மன்னிக்கவே இல்லை. அடுத்த முறை தட்டப் போனபோது, “இப்ப சந்தோசமா உனக்கு?” என்று கேட்டார். “பேரு தெரிஞ்சிடுச்சு. மூச்சு வந்துடுமா? இதுக்கு மருந்து இருக்குதா, சொல்லு?”

மருந்து இல்லை. படிந்த தூசை எடுக்க யாராலும் முடியாது. மூச்சைக் கொஞ்சம் சுலபமாக்கலாம், சளியைத் தட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். வேலை போகுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு நான் நல்லது செய்தேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நீ இருந்திருந்தால் நீயும் இதையேதான் என்னிடம் கேட்டிருப்பாய், இல்லையா?

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று கீதா வந்தாள். புருஷனும் கூட வந்திருந்தான். பெரிய டாக்டரே அவனிடம், ஒட்டாது, தாராளமாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். கீதா மாஸ்க்கைக் கழற்றினாள். ஆனாலும் பழக்கத்தில் கதவோடு நின்றுவிட்டாள். அங்கிளும் பழக்கத்தில் கையைத் தூக்கினார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

“வாங்க அக்கா, இங்க வேலை இருக்கு” என்று நான்தான் அதட்டிக் கூப்பிட்டேன். வீட்டில் தினம் தட்டிவிட ஆள் வேண்டுமே. அங்கிளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவள் கையைப் பிடித்துக் குவித்துக் காட்டினேன். முதலில் அவள் தொடவே பயந்தாள். பிறகு தட்டினாள். மெல்ல, பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக. “வலிக்குதாப்பா?” என்று கேட்டாள்.  அங்கிள் முகம் எங்கள் பக்கம் இல்லை, ஆன்ட்டி பக்கம் இருந்தது. ஆன்ட்டி தன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னையும் சேர்த்துத் திட்டினேன். “செத்தவர இன்னாத்துக்குடி திட்ற? உனக்கு ஒட்டிடக் கூடாதுன்னுதான அப்படிப் பண்ணாரு” என்றாள். தெரியும் நைனா. என்னைக் காப்பாற்றத்தான் விரட்டினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. இதை எப்படி மன்னிப்பது? மன்னிக்கவில்லை.

இனி என் கைக்கு வருகிற ஒவ்வொரு செக்யூரிட்டி அங்கிளையும், அதற்கு முன்னால் என்ன வேலை என்று கேட்பேன். விவசாயம் என்றால் என்ன பயிர், எந்த மாசம் என்று குடைந்து எடுப்பேன். திட்டினாலும் விட மாட்டேன், போஸ்டிங்கைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ போன அன்று எல்லாரும் வரிசையாக உன் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். என் முறை வந்ததும் ஆசையாகக் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, சாவுக்குப் புறங்கையால்தான் வைக்க வேண்டும் என்றாள். அப்படியே வைத்தேன். உள்ளங்கை உன்மேல் படவே இல்லை, நைனா.

இன்னும் கோபம் ஆறாத
உன் ஒரே மகள்
யமுனா